பெட்டி மூடும் முன்

திண்டிவனத்தில் நான் இப்போது காவலுக்கு நிற்கும் வங்கிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் பழைய வேலை தெரியும். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பேச்சுக்கு இழுப்பார்கள். "பார்டர்ல எத்தினி பேர சுட்டீங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவரையும் சுடவில்லை என்றால் முகம் தொங்கிப் போய்விடும். பின்னே என்னதான் செய்தீர்கள் என்பார்கள். கேட்டைத் திறந்தேன், மூடினேன் என்று உள்ளதைச் சொன்னேன் ஒருவரிடம். "அப்ப இங்க பண்றதத்தான் அங்கயும் பண்ணிக்கினு இருந்தீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

நான் கடைசியாக நின்றது வங்கதேச எல்லையில். டி.வி.க்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத எல்லை அது. நாடு பிரிந்தபோது, அந்த வயல்களைக் கண்ணால் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரர் வரைபடத்தில் போட்ட கோடு. ஊருக்கு நடுவிலும் குளத்துக்கு நடுவிலும் புகுந்து போகிறது. அந்தப் பக்கம் முதலில் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்து பிறகு வங்கதேசம் ஆனது. பெயர்தான் மாறியது, நாங்கள் நின்ற இடத்தில் கோடு மாறவில்லை. பல காலம் வெறும் கல்தூண்கள்தான் இருந்திருக்கின்றன. ஜனங்கள் அதைத் தாண்டிச் சந்தைக்குப் போயிருக்கிறார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். அப்புறம் மாடு கடத்தல், கள்ளநோட்டு, ஊடுருவல் என்று முள்வேலி வந்தது. வேலியைக் கோட்டின் மேலேயே போட முடியாது, நூற்றைம்பது கெஜம் நம் பக்கம் தள்ளித்தான் போட வேண்டும் என்பது இரண்டு நாடுகளுக்கும் உள்ள பேச்சு. அதனால் நம் விவசாயிகளின் நிலம் வேலிக்கு அந்தப்புறம் மாட்டிக்கொண்டது. நிலமும் இந்தியா, உழுகிறவனும் இந்தியா, நடுவில் இரும்புக் கேட். காலையில் திறப்போம். அடையாள அட்டையை எங்களிடம் கொடுத்துவிட்டு ஏரும் எருதுமாகப் போவார்கள். சாயங்காலம் அட்டையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்கள். போன எருதுகள் எல்லாம் திரும்பினவா என்பதையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதை லீவில் வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். முகையூர் பக்கம் எங்கள் கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்து நிலத்துப் பங்காளியோடு வரப்புத் தகராறில் பாதி ஆயுளைக் கழித்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சர்வேயருகிட்ட எவனோ துட்டு குடுத்துட்டு இருப்பான்டா. இல்லன்னா எவனாவது கொளத்துக்கு நடுவுல கோடு போடுவானா?" என்றார். "உங்க பார்டர்ல ராத்திரியோட ராத்திரியா வரப்ப வெட்டறவன் இல்லியா?" என்றும் கேட்டார். அது அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

அம்மா நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா. அடுத்த தெருவிலேயே கட்டிக்கொடுத்ததால் அப்பாவுக்கும் கடைசிவரை கஞ்சி ஊற்றியவள் அவள்தான். அப்பா வாய் நிறைய அன்பு காட்டும் ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை லீவு முடிந்து நான் கிளம்பும்போதும் வாசலில் நிறுத்தி, கட்டை விரலால் என் நெற்றியில் சிலுவை போடுவார். மண் ஏறிய விரல். சொரசொரவென்று இருக்கும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் இதற்குப் பதில் மரியாதை ஒன்று உண்டு. பெற்றவர்கள் இறந்தால், சவப்பெட்டி மூடும் முன் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவர்கள் நெற்றியில் சிலுவை போட வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது.

கேட் வழியாகத் தினமும் போகிற ஒரு கிழவர் இருந்தார். வங்காளி முஸ்லிம், வெள்ளைத் தாடி, இரண்டு எருதுகள். வேலி வருவதற்கு முன்னால் தன் ஒரே மகளை எதிர்ப்பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார். அவர் வயலில் நின்றால் மகள் வீட்டுத் தகரக் கூரை தெரியும். ஆனால் முறைப்படி போய்ப் பார்க்க வேண்டுமென்றால் பாஸ்போர்ட், விசா, எங்கோ தூரத்தில் இருக்கும் சோதனைச் சாவடி. அன்றாடம் காய்ச்சிக்கு அதெல்லாம் ஆகிற காரியமா? வயலின் கடைசியில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். அந்தப் பக்கம் மகள் கீரை பறிப்பது போல வந்து நிற்பாள். இவர் எருதிடம் பேசுவது போலப் பேசுவார், அவள் கீரையிடம் பேசுவது போலப் பதில் சொல்வாள். பேச விடக் கூடாது என்பது உத்தரவு. நான் அந்த நேரம் வேறு பக்கம் பார்த்து நிற்பேன்.

ஒரு நாள் கிழவர் வரவில்லை. மறுநாள் அவருடைய மகன்கள் ஊர்ப் பெரியவர்களோடு எங்கள் முகாமுக்கு வந்தார்கள். அப்பா இறந்துவிட்டார், அடக்கத்துக்கு முன்னால் தங்கச்சிக்கு ஒரு தடவை முகத்தைக் காட்ட வேண்டும் என்று எங்கள் அதிகாரியின் முன்னால் கைகூப்பி நின்றார்கள். அதிகாரி வடக்கத்தியர், அதிகம் பேச மாட்டார். எதிர்ப்பக்கத்துக் காவல்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அவர்களும் சம்மதித்தார்கள்.

கிழவரைக் கிடத்தியிருந்த சந்தூக்கை எல்லைத் தூணுக்கு இந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கினோம். அந்தப் பக்கம் மகள் வந்தாள். கோட்டைத் தாண்டக் கூடாது. குனிந்தால் கை எட்டும் தூரம். அவள் அழவில்லை. தாடியை ஒதுக்கிவிட்டாள். என்னவோ திட்டினாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளாமல் வெயிலில் கிடந்ததைத் திட்டுகிறாள் என்று பக்கத்தில் நின்ற வங்காளி ஜவான் எனக்குச் சொன்னான். முகத்தை மூடினார்கள். இன்னொரு தடவை என்று கேட்டாள். திறந்தார்கள். கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதன்மேல் விட்டுக்கொண்டார். அவள் எழுந்திருக்கும் வரையில் அவர் அதைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "செத்தவன் மூஞ்சியப் பாக்கறதுக்குக்கூட ரெண்டு கவுருமெண்டு ஒத்துக்கணுமா? இன்னாடா வேல பாக்கற நீ?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "நான் போனா நீ எப்டியாவது வந்துடு. பொட்டி மூடறதுக்குள்ள வந்து ஒரு சிலுவ போட்டுடு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு" என்றார். வந்துடறேன்பா என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

அதற்குப் பிறகு பக்கத்து நாட்டில் பெரிய கலவரம் வந்தது. எல்லையில் உஷார் நிலை. எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் அக்கா போன் செய்தாள்.

"அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குதுடா. பதறாத. கெளம்பி வா."

எங்கள் ஊரில் தூரத்தில் இருக்கிறவனுக்கு யாரும் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை, வா என்றுதான் சொல்வார்கள். வழியெல்லாம் தனியாக அழுதுகொண்டு வரக் கூடாது என்று. இது எனக்குத் தெரியாதா? நானே கோட்டக்குப்பத்து நண்பன் ஒருவன் கல்ஃபில் இருந்தபோது அவனுக்கு அப்படித்தான் சொன்னேன். ஆனால் தன் வீடு என்று வந்தால் மனசு நம்பத்தான் பார்க்கிறது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அப்பா நிஜமாகவே சீரியஸாகிப் பிழைத்தும் இருந்தார்.

அதிகாரியிடம் போய் நின்றேன். இந்தியில் கேட்டார், உயிரோடு இருக்கிறாரா என்று. இருக்கிறார் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மரணம் என்றால் இந்த நிமிஷமே என் ஜீப்பில் அனுப்புவேன், யாரும் என்னைக் கேட்க முடியாது. நோய் என்றால் உத்தரவு இடம் கொடுக்காது. உன் இடத்துக்கு நாளைக்கு ஒரு ஆளை எப்படியாவது வரவழைக்கிறேன்" என்றார். திரும்பிய என்னைக் கூப்பிட்டு, "வீட்டில் நன்றாகக் கேட்டாயா?" என்றார்.

வெளியே வந்து மறுபடியும் போன் போட்டேன். "அக்கா, உண்மையச் சொல்லு. அப்பா இருக்காரா?"

"இருக்காருடா. உன் பேரத்தான் சொல்லிக்கினு இருக்காரு. ஏன்டா காலங்காத்தால அபசகுனமாப் பேசற?"

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதை அவள் எப்படிச் சாதித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்பா அன்று விடியற்காலையிலேயே இறந்திருந்தார். பக்கத்தில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். உள்ளே போய், இருக்கிறார் சார் என்று சொன்னேன். அன்று முழுவதும் கேட்டில் நின்றேன். கிழவரின் மகன்கள் எருதுகளோடு போய்த் திரும்பினார்கள்.

மறுநாள் மாற்று ஆள் வந்ததும் கிளம்பினேன். லாரி, ரயில், விமானம். சென்னையில் இறங்கும்போது மூன்றாம் நாள் மதியம். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியதும் போன் போட்டேன். "அப்பா எப்டிக்கா இருக்காரு?"

"அப்டியேதான் இருக்காரு. நீ ஜல்தியா வா" என்றாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மாமா, அக்காவின் கணவர், பைக்கோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு எங்கோ பார்த்தார். அவர் தலை ஈரமாக இருந்தது. சட்டைக் காலருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்கால நேரத்தில் தலைக்குக் குளித்துவிட்டு அவசரமாக வந்திருக்கிறார். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பினால்தான் எங்கள் ஊரில் ஆண்கள் அந்நேரத்துக்குத் தலை முழுகுவார்கள். நான் பையைக் கீழே வைத்தேன்.

"மாமா, மூடிட்டீங்களா?"

"ராத்திரி கரண்டு போயிடுச்சி மச்சான். ஐஸ் பொட்டி நின்னு போயிடுச்சி. ஜெனரேட்டரு வர்றதுக்குள்ள மூஞ்சி மாறிடுச்சி. எவ்ளோ நேரம் வச்சிப் பாத்தோம். உங்க அக்கா பொட்டிய மூட உடமாட்டன்னு அப்டியே உழுந்து கட்டிக்கினா..." குனிந்து என் பையை எடுத்துப் பைக்கில் வைத்தார். நேற்று முழுவதும் முகம் நன்றாகத்தான் இருந்தது, தூங்குவது போலவே இருந்தது என்று மட்டும் பிறகு சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "துப்பாக்கியக் கையில வச்சிக்கினு எங்கியோ காட்டுல தனியா நிக்கிறவன். உனுக்கு நான் எப்டிடா சொல்லுவேன்? நீ ஏதாச்சும் பண்ணிக்கினா?" என்றாள். அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். ஒரு நாள், அக்கா, ஒரே ஒரு நாள் என்று தொண்டை வரைக்கும் வந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? விழுங்கிவிட்டேன்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் திண்டிவனத்திலிருந்து கிராமத்துக்குப் போகிறேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்து கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்திகளை வரிசையாக நட்டு வைத்திருப்பாள். நான் குனிந்து, சிமெண்டில் தலைமாட்டுப் பக்கம் கட்டை விரலால் சிலுவை போடுவேன். வெயிலில் சிமெண்டு கொதிக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆரம்பித்துவிடும்.

"அன்னிக்கே உட்டிருந்தா மூஞ்சியப் பாத்திருப்பியேடா. பெத்த அப்பன் சாகக் கெடக்கறான்னு சொல்லியும் ஒரு நாள் நிறுத்தி வச்சானே அந்த ஆபீசரு. அவன்லாம் மனுசனா? அவனுக்கும் ஒரு அப்பன் இருப்பான் இல்ல?"

சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மறைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகம் கண்ணுக்குள் வரும். ஒவ்வொரு வருஷமும் அவரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காற்றில் அணைந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றிக்கொண்டே அக்காவிடம் சொல்கிறேன்.

"ஆமாக்கா. ரொம்ப மோசமான ஆளு."