சோப்பு டப்பாவும் கரும்பு டிராக்டரும்

வெயிலில் நின்ற காருக்குள் ஏறி உட்கார்ந்ததும் ரெக்ஸின் சீட்டு தொடையைச் சுடும். இறங்கும்போது ஒட்டிக்கொண்ட தோல், பிளாஸ்திரியைப் பிரிக்கிற சத்தத்தோடு பிரிந்து வரும். பின்சீட்டில் நானும் தம்பியும் உட்கார்ந்தால் நடுவில் ஒரு குடையும் டிபன் பாக்ஸ் கூடையும் வைக்கத்தான் இடம் இருக்கும். முன்சீட்டில் நைனா ஏறினால் அவருடைய முழங்கால் டாஷ்போர்டில் முட்டும். ஓட்டுகிற இடத்தில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள் அம்மா. எங்கள் தெருவில் அந்தக் காருக்கு வைத்த பெயர் "சோப்பு டப்பா".

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருக்கிற திருத்தணியில் தமிழ் பேசுகிற வீடுகளிலும் இப்படித் தெலுங்கு உறவுப் பெயர்கள் புழங்கும். நைனாவின் அண்ணனை அம்மா பாவா என்பாள். நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அம்மா எஸ்தர் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். கார் வருவதற்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்கே ஒரு மொபெட்தான். முன்னால் நான் நின்றுகொள்ள, நைனா ஓட்ட, பின்னால் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார, மழையோ வெயிலோ நால்வரும் அதில்தான் சர்ச்சுக்கும் கல்யாணங்களுக்கும் துணிக்கடைக்கும் போய்வந்தோம்.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்துக்கொண்டு அரக்கோணத்திலிருந்து திரும்பும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. மொபெட் சறுக்கி நால்வரும் ரோட்டில் விழுந்தோம். எனக்கு மோவாயில் தையல் போட்டார்கள், தம்பிக்கு முழங்கை தேய்ந்தது. நைனாவின் முட்டி உடைந்து, அன்றிலிருந்து அவர் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியப்பா நைனாவின் தலையில் கைவைத்து, "நேரம் சரியில்லடா, கர்த்தர் காப்பாத்துனாரு" என்று சொல்லி ஜெபம் செய்தார். ஊரே அப்படித்தான் சொன்னது. நாலு பேர் ஒரு மொபெட்டில் ஏன் போனீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதைத் தனக்குள் கேட்டுக்கொண்டவள் அம்மா ஒருத்திதான். நைனா வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த மாதங்களில் அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பழகினாள். அடுத்த கோடை விடுமுறை முடிவதற்குள் யாரோ ஓட்டிச் சலித்த ஒரு வெள்ளைக் கார் எங்கள் சந்துக்கு வந்து நின்றது. அதைவிடச் சின்ன கார் அன்று ரோட்டில் கிடையாது. பெரியப்பா செங்கல் சூளை வைத்திருந்தவர், உயரமான ஜீப்பில் வருகிறவர். காரைச் சுற்றி வந்து, பானெட்டில் விரலால் தட்டி, தகரச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா எஸ்தரு, டப்பாவ வாங்கிகினு வந்துகீற? லாரி காத்து அடிச்சாலே கவுந்துடும். உசுருக்கு உத்தரவாதம் இல்லாத வண்டி இது."

"மொபெட்டுக்கு உத்தரவாதம் இருந்துச்சா பாவா?" என்றாள் அம்மா. பெரியப்பாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

கார் சின்னது, தகரம் மெலிசு என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவள் சட்டங்கள் போட்டாள். பின்சீட்டில் பெல்ட் இல்லை. அரக்கோணத்து மெக்கானிக்கிடம் நச்சரித்து எங்கள் இருவருக்கும் பெல்ட் பொருத்த வைத்தாள். இரண்டு பெல்ட்டும் "டக்" என்று மாட்டுகிற சத்தம் கேட்காமல் சாவியைத் திருப்ப மாட்டாள். மாமா குழந்தைகளையும் சேர்த்து அடைத்துக்கொண்டு போகலாம் என்று யார் கெஞ்சினாலும் முடியாது என்பாள். "பிளேன்லயா போறீங்க?" என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். அவள் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "சிரிக்கட்டும். நீ மாட்டு" என்பாள்.

கிருத்திகை நாள்களில் காவடிகளும் பால்குடங்களும் வரிசையில் நிற்க, எங்கள் சந்தில் பெரியப்பாவின் ஜீப்பால் நுழையவே முடியாது. ஓர் ஆடிக் கிருத்திகையன்று எதிர்வீட்டுப் பூக்காரம்மாவின் மகளுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, வெளியே மெயின்ரோட்டில் ஆட்டோ எதுவும் நகராமல் நின்றது. அம்மா காரைச் சந்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாகத் திருப்பி, கொல்லைப்பக்கம் மாட்டு வண்டி போகிற தடத்தில் இறக்கி, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பூக்காரம்மா மட்டும் அதை சோப்பு டப்பா என்று சொல்வதை நிறுத்திக்கொண்டு "டீச்சரம்மா காரு" என்றாள். மற்றவர்களுக்கு அது டப்பாதான்.

கரும்பு வெட்டுகிற பருவத்தில் ஒரு மார்கழி மாதச் சாயங்காலம். அம்மாவின் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா முடிந்து, அம்மாவும் நானும் தம்பியும் திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல், மங்கல் வெளிச்சம். கே.ஜி.கண்டிகை ஊருக்குச் சற்று முன்னால் எதிரில் வந்த பஸ்ஸின் விளக்கில் கண் கூசியது. பஸ் கடந்ததும் எங்களுக்கு நேர் முன்னால், ரோட்டின்மேலேயே, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று இருட்டோடு இருட்டாக நின்றிருந்தது. டயர் பஞ்சராகி அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. அம்மா பிரேக்கை மிதித்தாள். ஈர ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டே போய் டிரெய்லரின் இடது மூலைக்குக் கீழே செருகி நின்றது. பானெட் காகிதம்போல மடிந்தது. கண்ணாடி பொடிப்பொடியாக எங்கள் மடியில் கொட்டியது. கரும்புத் தோகை உள்ளே வந்து என் முகத்தில் உரசியது.

தம்பி, "என் ஷூ காணோம்" என்று அழ ஆரம்பித்தான். அம்மா திரும்பிப் பார்த்தாள். என்னைத் தொட்டாள், அவனைத் தொட்டாள். அவளுடைய வலது மணிக்கட்டு திருகிக்கொண்டு நின்றது. என் தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட் பிடித்து இழுத்த இடம் மறுநாள் நீலக்கோடாகக் கன்றியது. எங்களுக்கு நேர்ந்தது அவ்வளவுதான்.

ரோட்டோர டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து எங்களை வெளியே எடுத்தார்கள்; நல்லவர்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆனாலும் அவர்களில் ஒருவர், "இந்த டப்பாவ எடுத்துகினு ரோட்டுக்கு வரலாமாம்மா?" என்றார். இன்னொருவர் யாரிடமோ, "லேடீஸ் ஓட்டுனா இப்படித்தாம்பா" என்றார். அம்மா தம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, உடைந்த கையை மார்போடு பிடித்தபடி டிரெய்லரின் பின்னால் போய் நின்றாள்.

"இதுல லைட்டு எங்க?"

டிராக்டர்காரர் தலையைச் சொறிந்தார். "ஒயரு அறுந்துபோச்சிங்க. போன வருசமே."

"ஒரு வருசமா லைட்டு இல்லாம ரோட்ல நிக்குது இது. என்னைக் கேக்கறீங்க, ஏன் ரோட்டுக்கு வந்தேன்னு?"

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பா வந்தார். இந்த முறை நேரம் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னனா இல்லையா?" என்றார்.

"ஆங் பாவா, சொன்னீங்க" என்றாள் அம்மா, மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு. "வண்டி நசுங்கிச்சு. புள்ளைங்க நசுங்கல. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

பெரியப்பா அவளிடம் பேசுவதை விட்டுவிட்டு நைனாவிடம் பேசினார். பழைய இரும்புக்கு எடுக்கிற ஒருவரைத் தெரியும், அனுப்புகிறேன் என்றார். நைனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியபோது அந்த ஆள் உண்மையிலேயே எங்கள் வாசலில் நின்றிருந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நைனா பின்னாலேயே போனார். நடு அறையில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"எஸ்தரு, எனக்குப் பயமா கீது. நான் வேலையில இருந்தேன், போன் வந்துச்சு. எப்படி வந்து சேர்ந்தேன்னே எனக்குத் தெரியல."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? கண்ண மூடுனா கரும்புதான் தெரியுது." அம்மாவின் குரல் அன்றுதான் உடைந்தது. "ஆனா இத வித்துட்டு என்ன பண்ணப்போறோம்? பாவா மாதிரி ஜீப்பு வாங்க நம்மகிட்ட வழி இருக்கா? மறுபடியும் மொபெட்டுதான். மறுபடியும் இவ முன்னாடி நிப்பா, அவன் என் மடியில. அன்னிக்கு நாம மொபெட்ல போயிருந்தா அந்த டிரெய்லர் அடியில நாமதானங்க இருந்திருப்போம்? அந்தப் பயம் ஏன் யாருக்கும் வரமாட்டேங்குது?"

நைனா சாய்ந்து சாய்ந்து வாசலுக்கு நடந்துபோய், "விக்கறதா இல்லீங்க, அண்ணன் தெரியாம சொல்லிட்டாரு" என்று அந்த ஆளை அனுப்பிவைத்தார். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை அதன்பிறகு நெடுநாள் நிறுத்திவிட்டார்.

கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்க, கையில் கட்டு இன்னும் பிரிக்காதபோதே அம்மா செய்த காரியம் ஒன்று உண்டு. நம்பர் பிளேட் எழுதுகிற கடையில், வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ஸ்டிக்கர் தாளைச் சுருளாக வாங்கி, என்னை வட்ட வட்டமாக வெட்டச் சொன்னாள். பள்ளி விட்டு வரும் வழியில் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை ஓரம் ஓய்வுக்கு நின்ற கரும்பு டிரெய்லர்களின் பின்னால் அவற்றை ஒட்ட ஆரம்பித்தாள். அவளோடு பஸ்ஸில் வரும் நான் பழைய துணியால் சேற்றைத் துடைப்பேன். அவள் இடது கையால் ஒட்டுவாள்.

முதல்நாள் ஒரு டிரைவர் டீ கிளாஸோடு ஓடிவந்தார். "யாரைக் கேட்டும்மா ஒட்டுற? ஓனரு திட்டுவாரு."

"ஏன், இது ஒட்டுனா கரும்பு எடை கொறஞ்சுடுமா?"

"அதில்லீங்க..."

"உன் வீட்ல எத்தினி புள்ளைங்க?"

"ரெண்டுங்க."

"ராத்திரி வேற ஒரு டிராக்டர் பின்னாடி நீ அந்தப் புள்ளைங்கள வண்டியில வெச்சு வரும்போது, அதுல இது ஒட்டியிருந்தா உனக்கு நல்லதா கெட்டதா?"

அவர் டீயைக் குடித்துவிட்டு, மேல்மூலை அம்மாவுக்கு எட்டாததால் ஒரு வட்டத்தை வாங்கித் தானே ஒட்டினார்.

விஷயம் பெரியப்பா காதுக்குப் போனது. சர்ச் வாசலில் பத்துப் பேர் கேட்க, "என் தம்பி பொண்டாட்டி டிராக்டருக்கெல்லாம் பொட்டு வெச்சுகினு திரியறா" என்றார். எங்கள் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை என்பதால் அது நல்ல நகைச்சுவை, எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். "நான்தான் வெச்சுக்கறதில்ல பாவா, அதுங்களுக்காவது வெக்கறேன்" என்றாள்.

அதனால் ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். பாதி ஸ்டிக்கர்கள் சேற்றில் மறைந்தன, சில உரிந்து விழுந்தன. ஒரு டிராக்டர் முதலாளி வீட்டுக்கே வந்து, தன் வண்டியைக் கேட்காமல் தொட்டதற்குச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள், பஸ் நிறுத்தத்தில் நிற்கிற அம்மாவைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, "டீச்சரம்மா, எனக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போன டிரைவர்களும் உண்டு. கோடை விடுமுறைக்கு முன்னால் கார் வந்தது. வேறொரு காரிலிருந்து எடுத்த நீல பானெட்டோடு, பார்க்க முன்னைவிட அசிங்கமாக வந்தது. அம்மா தலையணையைப் போட்டு ஏறி உட்கார்ந்து, முதல் வேலையாக அதைத் திருத்தணி மலைமேல் ஏற்றி இறக்கினாள். பிறகு பல வருடங்கள் அதில்தான் போனோம். பெரியப்பா கடைசிவரை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நான் கார் வாங்கப் போனபோது, ஷோரூமில் இருந்த விற்பனையாளர் அவ்வளவு சின்ன வண்டி இப்போது வருவதில்லை என்றார்; எல்லோரும் உயரமான வண்டிதான் கேட்கிறார்களாம், அதுதான் பாதுகாப்பாம். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டேன். உள்ளே இருப்பவருக்கு என்றார். அந்த உயரமான வண்டிக்கு முன்னால் சைக்கிளில் போகிறவர், நடந்து போகிறவர், இன்றும் நாலு பேராகப் பைக்கில் போகிறவர் எல்லாம் அவருடைய கணக்கில் இல்லை. சின்ன கார் மெலிசு என்றால் அதை உறுதியாகச் செய்யட்டும், அதிலும் மோதினால் விரிகிற பலூன் வைக்கட்டும், வேண்டும் என்று நானும் சத்தமாகக் கேட்கிறேன். அதைவிட்டு, சின்ன காரில் போக முடிந்தவர்களைப் பயமுறுத்தித் திரும்பவும் இரண்டு சக்கரத்துக்கு அனுப்புவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

கடைசியில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேடி வாங்கினேன். அந்த வெள்ளைக் காரும் நீல பானெட்டும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன, கே.ஜி.கண்டிகையில் அந்த டீக்கடை இருந்த இடத்தில் இப்போது அகலமான ரோடு ஓடுகிறது. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். போன வாரம் மணவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அந்த ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். இடப்பக்கமாக, போகவேண்டிய வேகத்தில்தான் போனேன். பின்னால் ஓர் உயரமான கருப்பு வண்டி வந்து, ஒதுங்கு என்று விளக்கை அடித்து அடித்து அணைத்தது, ஹாரனை அழுத்தியது. வலப்பக்கம் ரோடு முழுக்கக் காலியாகத்தான் இருந்தது.

"யாரு அது?" என்றாள் அம்மா.

"பெரிய வண்டிம்மா. நாம மண்ணுல எறங்கி வழி விடணுமாம்."

"அவனுக்கு அந்தப் பக்கம் ரோடு கீது இல்ல, போவட்டும். நீ உன் ரோட்ல போ."

ஹாரன் இன்னும் இரண்டு முறை கேட்டது. நான் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய வண்டிதான் விலகிப் போனது.