ஜானவாசக் காரில் ஈரப் பெயிண்ட்

அக்கா பெண்ணின் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதல்நாள் சாயங்கால ஜானவாசத்துக்கு மாப்பிள்ளை என்னுடைய பழைய காரில் ஊர்வலம் வர வேண்டும். என்னைவிட மூத்த அந்தக் காரின் படத்தை அவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொண்டவன் நான்தான். அக்காவும் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜானவாசத்துக்கு முந்தின நாள் காலை, கை சும்மா இருக்காமல் பின்சீட்டின் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். தரைத்தகடு துருப்பிடித்து அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. மாட வீதி திரும்பும்போது மாப்பிள்ளையின் கால்கள் தகட்டைத் துளைத்துக்கொண்டு காருக்கு அடியில் தனியாக ஓடிவரும் காட்சி கண்ணில் தெரிந்தது. மந்தைவெளி ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். துருத்தடுப்புப் பெயிண்டில் இரண்டு தினுசு. ஒன்று சட்டென்று காயும். மற்றது மெதுவாகக் காயும், ஆனால் துருவுக்குள் ஆழமாக இறங்கும் என்றார் கடைக்காரர். வீட்டு விசேஷத்துக்கு மட்டமானதை வாங்கலாமா? ஆழமாக இறங்குவதை வாங்கினேன். ஐப்பசி மாதம் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்கள் அடுக்ககத்தின் பக்கத்துச் சந்தில் கார் நிற்கும். மேலே கூரை கிடையாது. கதவோரங்கள், முன்தரை, பின்தரை என்று உற்சாகமாகப் பூசிக்கொண்டே வந்து, முடித்தபோது பின்சீட்டில் சம்மணம் போட்டிருந்தேன். சுற்றிலும் செங்காவி நிறத்தில் பளபளவென்று ஈரம். கீழே கால்வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து மழை. தண்ணீர் பட்டால் எல்லாம் பாழ். எக்கி எக்கி நாலு கதவையும் இழுத்துச் சாத்தினேன்.

மழை விட்டதும் கதவைத் தள்ளினேன். பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கதவோர ரப்பர் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. பதறிக் கையை எடுத்தேன். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் எனக்கு விடுதலை, மாப்பிள்ளைக்கு ரப்பர் தொங்கும் ரதம்.

போன் எங்கே? எதிரே மாடிப்படியில். அடித்துக்கொண்டே இருந்தது. பெயிண்ட் நெடி தலைக்கு ஏறியது. என் மூச்சிலேயே கண்ணாடி மங்கிவிட்டது. ‘காருக்குள் மாமா, கல்யாணம் நின்றது’ என்று பேப்பர் தலைப்பு வரை யோசித்துவிட்டேன். பின்கதவுக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்காது. முன்சீட்டின் மேல் தவழ்ந்து போய், முன்கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கித் தலையை நீட்டினேன். தோள் வந்தது. தொப்பை வரவில்லை. உள்ளேயும் போக முடியவில்லை.

வாட்ச்மேன் வந்து நின்றார். “இன்னா சார், பிரசவமா?”

“இழுய்யா!”

பின்னாலேயே அக்கா வந்துவிட்டாள். “போன எடுக்காம இங்க என்னடா பண்ணிண்டிருக்கே?” ஆளுக்கொரு கையாக இழுத்ததில் அக்காவின் காலடியில் போய் விழுந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு விநாடிகூட யோசிக்காமல் கதவைப் படாரென்று திறந்தாள். ரப்பர் ஒரு முழத்துக்குத் தொங்கியது.

“இதுக்கா இத்தனை நாழி உள்ள உக்காண்டிருந்தே? மேல பூச்சரம் கட்டினா தெரியவா போறது?” விரலால் தரையைத் தொட்டாள். விரல் சிவந்தது. “நாளைக்குள்ள காயுமாடா?”

“மெதுவா காயும்னு போட்டிருக்கான்.”

“ஏண்டா, நீ இவா கல்யாணத்துக்குப் பெயிண்ட் வாங்கினியா, அறுபதாம் கல்யாணத்துக்கா?”

கோலமாவைக் கொண்டுவந்து கதவோரமெல்லாம் தூவினாள். அங்கே பசை அடங்கியது. தரையில் நான் மூன்று பூச்சு பூசியிருந்தேன். மாவு அங்கே குழம்பாகியது.

மறுநாள் சாயங்காலமும் தரை காயவில்லை. மாப்பிள்ளை சந்தனநிறக் கோட்டு சூட்டில் வந்து நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள். என் வாய் தானாகப் பேசிவிட்டது. “ஜானவாசத்துல மாப்பிள்ளை கால் கீழ படப்படாது. எங்காத்து வழக்கம்.” நானும் அக்கா புருஷன் அத்திம்பேருமாக அவரைத் தூக்கிப் பின்சீட்டில் சம்மணமாக உட்கார்த்தினோம். சம்பந்தி மாமி உருகிவிட்டாள். “என்ன மரியாதை பாருங்கோ!”

நாதஸ்வரத்துக்குப் பின்னால் நத்தை வேகத்தில் ஓட்டினேன். இரண்டாவது வீதியில் காதோரம் ஒரு கெஞ்சல். “மாமா, கால் மரத்துப்போயிடுத்து. கொஞ்சம் நீட்டிக்கட்டுமா?”

“அசையாதீங்கோ மாப்ளே. இதோ வந்துடுத்து.”

சத்திரத்து வாசல் வந்தே விட்டது. சூட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை. அக்கா வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. சம்பந்தி மாமி ஜன்னலில் குனிந்தாள்.

“குழந்தை என்ன கம்பீரமா உக்காண்டிருக்கான்! இன்னொரு சுத்து போயிட்டு வரலாமே!”

பின்னாலிருந்து முனகல் கேட்டது. மறுக்க எனக்கு ஏது வாய்? கிளட்சை மிதிக்கப் போனேன். செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காலை உருவிக்கொண்டு, வெறுங்காலால் மிதித்தேன்.