உப்போடைப் பாலத்துக்கு வடக்கே

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அத்தான் அந்தப் படத்தை வரைந்து தந்தார். அக்காவின் கணவரான அவருக்குத் தொலைபேசி இலாகாவில் கம்பித்தடங்களைப் பார்க்கும் வேலை. எழுபதுகளின் நடுவில், அவர்களுடைய தூத்துக்குடி வீட்டில் தங்கிக் கணித ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஊர்களைப் புள்ளிகளாகவும் கம்பிகளைக் கோடுகளாகவும் கொண்ட கோட்டுரு ஒன்று எனக்கு எடுத்துக்காட்டாக வேண்டியிருந்தது.

அதை எண்களின் கட்டமான அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதினால் ஐகன் மதிப்புகள் என்ற சில எண்கள் கிடைக்கும். முதல் மதிப்பு எப்போதும் சைபர். விஷயம் இரண்டாவதில் இருக்கிறது. வலை இரண்டாகப் பிரிந்து கிடந்தால் அதுவும் சைபர். ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் சைபருக்குப் பக்கத்தில். எந்த ஊர்க்கூட்டத்தைச் சுற்றி வேலி போட்டாலும் அதைத் தாண்டிப் பல கோடுகள் போகிற வலையில்தான் அது நன்றாக உயர்ந்து நிற்கும். எனக்குக் கிடைத்ததோ சைபருக்கு மிக அருகில். அதற்குரிய திசையன் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண்ணைத் தரும்; அதில் தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களெல்லாம் கூட்டல் குறி, வடக்கே வேம்பார் வரை கழித்தல் குறி. குறி மாறிய இடம் உப்போடைப் பாலம். தலைப்பிரசவத்துக்காக அக்கா வேம்பாரில், எங்கள் அப்பா வீட்டில் இருந்தாள்.

பாலம் போனால் வேம்பார் துண்டாகிவிடும் என்றதும் அத்தான் சிரித்தார். “ஏலே, அந்தப் பாலத்து மேல எத்தன கம்பி போவுது தெரியுமா?”

“எல்லாம் ஒரே கம்பத்துலதான அத்தான் போவுது? கம்பம் சாஞ்சா?”

சிரிப்பு நின்றுவிட்டது. மேலதிகாரிகளிடம் நடையாய் நடந்து, விளாத்திகுளத்திலிருந்து வேம்பாருக்கு பாலத்தைத் தொடாமல் உள்வழியாக ஒரு கம்பி இழுக்க வைத்தார். அந்த ஒற்றைக் கோட்டைச் சேர்த்ததும் என் இரண்டாவது எண் மளமளவென்று ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் புயல் வந்தது. மத்தியானத்துக்குள் கடற்கரைத் தடம் செத்துவிட்டது. வீட்டுப் போனிலிருந்து விளாத்திகுளம் வழியாக அப்பாவின் மளிகைக் கடையைக் கேட்டோம். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை. கம்பி அறுந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

“மணி அடிக்கி, ஆளக் காணலியே,” என்றார் அத்தான். வண்டிச் சாவியை எடுத்தார். “நான் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

“பாலம் வேண்டாம் அத்தான், சுத்திப் போங்க!” என்று கத்தினேன். மோட்டார் சைக்கிள் அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டது.

சற்றைக்கெல்லாம் போன் அடித்தது. கடைக்குத் திரும்பியிருந்த அப்பா. “பள்ளிக்கூடத்து மாடிக்கு எல்லாரையும் ஏத்தியாச்சுலே. அக்காவுக்கு ஒண்ணுமில்ல. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, பதற வேண்டாம்னு.”

ரிசீவரைப் போட்டுவிட்டு மழையில் ஓடினேன். சாலையில் யாருமில்லை. எந்த ஊருக்கும் பேசலாம். சாலையில் போகும் ஒரு மனிதனிடம் பேச எனக்கு வழியில்லை. என் படத்தில் ஊர்கள் மட்டுமே இருந்தன.

வெள்ளம் வடிந்த பிறகு, இடிந்த பாலத்துக்குக் கீழே அத்தானைக் கண்டெடுத்தார்கள். அக்காவுக்கு அதற்குள் மகள் பிறந்திருந்தாள்.

இப்போது எங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் போன். எனக்கு எத்தனை வயதானால் என்ன, அக்கா கூப்பிட்டால் நலம் விசாரிக்க மாட்டாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்: “எல்லாரும் வீட்டுலதான இருக்கீய?”