ரெண்டு தேக்சா

கல்யாண பிரியாணித் தொழில்ல கறி சீக்கிரம் வெந்துடும், வீட்டுக்காரங்க மனசுதான் லேசுல வேகாது. அடுப்படியில நின்னு பேச்சு வாங்குன உங்களுக்கு நான் சொல்லவா வேணும்?

பண்டாரி எங்கே?

கல்யாணத்துக்குச் சமைக்கிற பண்டாரியா இருந்த என் வீட்டுக்காரர் மௌத்தானதும் அவர் கரண்டியை நான் எடுத்துக்கிட்டேன். முதல் ஆர்டர் அன்னிக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்து எங்க வேன் செங்கம் ரோட்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. நானும் மருமகளும் புர்காவோட இறங்கி, பிரியாணி ஆக்குற பெரிய தேக்சாவை உருட்டினோம். கல்யாணப் பொண்ணோட அத்தா வேனுக்குள்ள தலையை விட்டு, சீட்டுக்கு அடியிலகூடத் தேடிட்டாரு.

"பாத்திரம் கழுவுறவங்க வந்தாச்சு, சந்தோஷம். பண்டாரி எந்த வண்டியில வர்றாரு?"

ஆடு

எங்க பக்கம் முதல் பந்தி ஆம்பளைங்களுக்கு. அவங்க சாப்ட்டு, பல்லு குத்தி, எலக்‌ஷன் பேசி முடிச்சாத்தான் மிச்சம் பொம்பளைங்க பக்கம் வரும். கீழ்பென்னாத்தூர்ல ஒரு மணப்பொண்ணு, காலையிலேருந்து பட்டினி. அடிப்பிடிச்ச சோறும் எலும்புமா நான்தான் வழிச்சு வெச்சேன். அந்தப் புள்ள எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, என்னைச் சித்தி முறை வெச்சுக் கேட்டுச்சு.

"காலா, இந்த ஆடு சதையே இல்லாமத்தான் பொறந்துச்சா?"

கண்டிஷன்

அதுக்கப்புறம் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிடுவேன்: பொம்பளைங்களுக்குத் தனி தேக்சா, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தம் உடைச்சு மூடியைத் திறப்பேன். இது எங்க பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்குற முத்தவல்லி காதுக்குப் போச்சு. அவர் வீட்டுலயே கல்யாணம் வெச்சிருந்தாரு. கூப்பிட்டு அனுப்பினாரு. அவர் வேணாம்னுட்டா எந்த நிக்காஹ்வுக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.

"மார்க்கத்துல இல்லாததை எல்லாம் கொண்டு வர்றியாமே?"

"நான் படிக்காதவ பாய். பொம்பளை மிச்சம்தான் சாப்பிடணும்னு மார்க்கத்துல இருந்தா ஹஜ்ரத் சொல்லட்டும், கரண்டியைக் கீழ வெச்சுடறேன்"னேன்.

பக்கத்துல இருந்த எங்க இமாம் ஹஜ்ரத் தாடியைத் தடவி, "அப்படி எங்கயும் இல்ல பாய், நம்ம பழக்கம்தான்"னாரு. முத்தவல்லி தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டாரு.

"சரி, ரெண்டையும் திற. எங்களுதை மட்டும் கொஞ்சம் முன்னாடி திற!"

முதல் தட்டு

கல்யாணத்தன்னிக்குத் தம் போட்டுட்டு மதியத் தொழுகை லுஹர் தொழுதேன். துவாவுல அழுதுட்டேன், அது வேற. எழுந்து வந்து பிஸ்மி சொல்லி ஒரு மூடியை நான் எடுத்தேன், அதே நேரத்துல இன்னொண்ணை மருமக எடுத்தா. பொம்பளைங்க பக்கம் முதல் தட்டு முத்தவல்லி சம்சாரத்துக்கு. கையை வெச்சவங்க வெடுக்குனு எடுத்துட்டாங்க.

"யா அல்லா! கல்யாண பிரியாணி இப்படிச் சுடும்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாதே!"

இப்ப எல்லா வீட்டுலயும் ரெண்டு தேக்சா கேக்குறாங்க. நியாயம் கேட்டதுல எனக்குக் கிடைச்ச பலன், கழுவுற பாத்திரம் ஜாஸ்தியானதுதான்.