நான்காம் வாரம் அவிழ்த்த கட்டு

காலை ஏழேகால் மணிக்கு எங்கள் நாயின் பின்னங்கால் மறுபடி வளைந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு முன் லோரி மோதி அந்த எலும்பு நொறுங்கியிருந்தது. கால் போகாமலிருக்க, கோலசிலாங்கூர் மிருக வைத்தியர் எலும்பின் இடைவெளியில், புது எலும்பு பற்றி வளரப் பவளத் துகள்களை நிரப்பி, சிம்பு வைத்துக் கட்டியிருந்தார். அவருக்கு அதுவே முதல் முயற்சி. எட்டு வாரம் தொடக்கூடாது என்றார்.

நான்காம் வாரமே நான் கட்டை அவிழ்த்தேன். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தில் மனிதர்களுக்குச் செய்வதுபோல் நல்லெண்ணெய் தடவி உருவிவிட்டு, எண்ணெயைத் துடைத்துப் பழையபடி கட்டினேன். அது முந்தின நாள் மாலை.

“கட்ட யாராச்சும் அவுத்தீங்களா?” என்று, நாயைக் கொண்டுபோனதும் வைத்தியர் கேட்டார்.

“இல்ல லா டாக்டர். கைய வெச்சா கடிச்சிருமே!” என்று சிரித்தேன்.

‘பவளத் துகள் பலன் தரவில்லை’ என்று அவர் எழுதிக்கொண்டார். நாய் காலை இழந்தது.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்குள் பக்கத்துத் தோட்டத்து நாய் ஒன்று அதே முறிவோடு வந்திருந்தது. துகள் வைத்துப் பார்க்காமலே அதன் காலை எடுத்துவிட்டார்.