எந்த ரெப்போ ஓடுகிறது?

செலண்டார்

காலை ஒன்பது மணிக்கு முன்பே போன் வந்துவிட்டது. செலண்டார் பக்கத்துச் செம்பனை ஆலையில் எடைமேடையைக் கவனிக்கும் முனியாண்டி அண்ணன்தான்.

"தங்கச்சி, என்னாலா பண்ணி வச்சீங்க? லோரி மேல ஏறி நிக்குது, ஸ்கிரீன்ல சைபர் காட்டுது. பின்னால இன்னும் பதினோரு லோரி. கேட்டத் தாண்டி ரோடு வரைக்கும் நிக்குது."

வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்காது; வெயிலில் கிடந்தால் எண்ணெயின் தரம் இறங்கிவிடும். தெங்கேராவில் ஒரு கடையின் மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்தபடியே பழைய வெர்ஷனைத் திரும்ப ஏற்றினேன். இருபது நிமிடம் ஆனது. எடை காட்டுகிறது, லோரி நகர்கிறது என்று அண்ணன் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன்.

ஆலைகளுக்கான எடை சாஃப்ட்வேர் எழுதுவது எங்கள் தொழில். ஒவ்வொரு புரோகிராமின் நிரலான கோடும், அதில் செய்த மாற்றங்களின் வரலாறும் ஒரு ஃபோல்டரில் இருக்கும். அதைத்தான் ரெப்போ என்போம். பல வருடங்களில் சேர்ந்த ரெப்போக்கள் எல்லாம் சர்வரில் ஒரே டைரக்டரியில் குவிந்து கிடந்தன. எடைச் சீட்டில் தோட்டத்தின் பிளாக் நம்பரும் வரவேண்டும் என்று ஆலை கேட்டிருந்தது. அந்த வேலையை, தானாகவே கோடு எழுதும் ஏஐ ஏஜெண்டிடம் கொடுத்தேன். அது தானே டைரக்டரியில் தேடி, கோடைத் திருத்தி, டெஸ்ட்டும் ஓட்டி முடித்தது. திருத்தத்தை நானே வரிவரியாகப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை என்று ஆலையில் ஏற்றிவிட்டேன். ஆனால் அது எந்த ரெப்போவில் செய்யப்பட்டது என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

முதலாளி பாலா என்னைவிட இளையவர். கோபத்தைக் குரலில் காட்டமாட்டார்.

"அக்கா, இனிமே அந்த ஏஜெண்ட் ஆலை வேலைய தொட வேணாம்லா."

"ரெண்டு நாள் குடுங்க. அது ஏன் அங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஏஜெண்ட் செய்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக்கைத் திறந்தேன். டைரக்டரியைப் பட்டியல் போட்டிருக்கிறது. 'தீம்பாங்', 'தீம்பாங் பாரு', 'தீம்பாங் பாரு ஃபைனல்', 'சூபா 2' என்று நான்கு பெயர்கள் அருகருகே இருந்தன. மலாயில் தீம்பாங் என்றால் எடை, பாரு என்றால் புதிது. 'ஃபைனல்' என்று பெயர் இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆலையில் ஓடுவதோ 'சூபா 2', அதாவது இரண்டாவது முயற்சி. மேடைக்குப் புது சென்சார் மாட்டியபோது அவசரத்தில் அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். 'ஃபைனல்' அந்த சென்சாருக்கு முந்தியது; அதனால்தான் சைபர்.

ஆலையில் ஓடுவது எது என்று ஏஜெண்டிடம் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பெயரை வைத்தே முடிவு செய்தது. ஏன் என்று கேட்டால் ஒளிக்காமல் அதையே சொன்னது. பெயரைத் தவிர அதற்கு நாங்கள் என்ன கொடுத்திருந்தோம்?

ஒரு சிறு கருவி எழுதினேன். டைரக்டரிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் ஒவ்வொரு ரெப்போவையும் அது கண்டுபிடிக்கும். கடைசியாக எப்போது மாறியது, எந்த ஆலையில் எந்த வெர்ஷன் ஏற்றப்பட்டது என்பதை எங்கள் இன்ஸ்டால் பதிவோடு சேர்த்துச் சொல்லும். ஏஜெண்ட் எந்த வேலையைத் தொடும் முன்னும் இதைக் கேட்டாக வேண்டும். முதலில் ஒரே பதிலைத் தருவது போல எழுதியிருந்தேன். பிறகு அதை மாற்றினேன். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் காட்டி, 'ஆளைக் கேள்' என்று சொல்லும்.

பெம்பான்

அடுத்த வேலை பெம்பான் ஆலைக்கு. பாலா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். ஏஜெண்ட் கருவியைக் கேட்டது. கருவி இரண்டு ரெப்போக்களைக் காட்டியது. ஏஜெண்ட் வேலையை நிறுத்திவிட்டு, எது சரியானது என்று என்னைக் கேட்டது.

"எது சரிக்கா?" என்றார் பாலா.

எனக்கும் தெரியவில்லை. அந்த ஆலையில் எடை போடும் சரோஜாவுக்குப் போன் போட்டேன்.

"ஸ்கிரீன் அடியில சின்னதா ஒரு வெர்ஷன் நம்பர் இருக்கும் பாரும்மா, படி."

அவர் படித்த நம்பர் இரண்டிலும் இல்லை. முழு டைரக்டரியிலும் இல்லை.

காரை எடுத்துக்கொண்டு பெம்பானுக்குப் போனேன். ஆலைக் கம்ப்யூட்டரிலேயே ஒரு ரெப்போ இருந்தது. எங்களிடம் வேலை பார்த்து விலகிப் போன தேவன் நேரில் வந்து திருத்தியிருக்கிறார். சர்வருக்கு அனுப்ப மறந்துவிட்டார். அவருடைய குறிப்பு இப்படி இருந்தது: 'மழையில் மேடையில் தண்ணீர் தேங்குகிறது. லோரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும், அது ஏறும் முன் காலி மேடை ஸீரோ காட்டுகிறதா என்று பார்க்கவும்.'

"ஆமாக்கா, முன்னலாம் மழை வந்தா தோட்டத்துக்காரங்களோட எடை பத்தி ஒரே சண்டை. தேவன் அண்ணன் வந்து பாத்தப்புறம்தான் நின்னுச்சு," என்றார் சரோஜா.

சர்வரில் இருந்த இரண்டில் எதை ஏற்றியிருந்தாலும் அந்தத் திருத்தம் அழிந்திருக்கும். செலண்டாரில் சைபர் காட்டியதால் உடனே தெரிந்தது. இங்கே மழை நாட்களில் எடை கொஞ்சம் கொஞ்சமாகத் தவறியிருக்கும், சண்டைகள் திரும்பியிருக்கும், காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது.

அங்கிருந்தே பாலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அக்கா, மத்த ஆலைங்கள்ல என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

மறுநாளிலிருந்து ஆலை ஆலையாகப் போனேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஏஜெண்ட் எழுதிய கோடைப் படிக்கும் முன், அது எந்த ரெப்போவில் நின்று எழுதியது என்று பாருங்கள். தெரியவில்லை என்று அது சொன்னால் எரிச்சல்படாதீர்கள். உங்களுக்குத் தெரியுமா என்று முதலில் பாருங்கள்.