செவ்வாய்க்கிழமை விரதம்

நல்லாயிபட்டியில் தனியாக பஸ் ஏறிப் போய் வியாபாரம் பார்த்த முதல் பெண் ஜெயக்கொடி. விடிந்ததும் கத்தரிக்காய்க் கூடையோடு திருநகர் போவாள். விற்று முடித்ததும் முக்குக் கடையில் டீயும் வடையும். யார் சுட்ட வடை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடிபம்பு பழுதானபோது ஊர்ப் பெண்களைக் காலிக் குடத்தோடு யூனியன் ஆபீஸ் வாசலில் உட்கார வைத்தவளும் அவள்தான்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்து மரத்தடியில் பெண்கள் கூடினார்கள். அவரவர் வீட்டுச் சோற்றையும் குழம்பையும் ஒரே குண்டாவில் கொட்டி, முறை வைத்து ஒருத்தி பிசைந்து எல்லார் கையிலும் உருட்டி வைப்பாள். அன்றைக்குப் பேச்சை நடத்துவதும் அவளே.

"பிசையிற கைக்குத்தான் பேச்சு. நானே பேசிக்கிட்டிருந்தா நீங்கள்லாம் எப்ப வாயத் தொறக்குறது?" என்று சொல்லி இந்த முறையைக் கொண்டுவந்தவள் ஜெயக்கொடி. ஊமை என்று பேரெடுத்த செல்லக்கிளிகூட அப்படித்தான் பேசப் பழகினாள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். யாரை நிறுத்துவது என்று அந்த மாதக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். ஜெயக்கொடிக்கு ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. ஊருக்கு வெளியே ஒதுங்கியிருந்த காலனியின் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று கணக்குப் போட்டு, அவளே காலனிக்குப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள். உள்ளே போகாமல் தெரு முக்கில் நின்றுதான் கூப்பிட்டாள். நாலைந்து பேர் தூக்குவாளியோடு வந்தார்கள்.

"புதுசா வந்தவுக பிசையட்டுமே" என்றாள் செல்லக்கிளி, சூதுவாது இல்லாமல்.

காலனியிலிருந்து வந்தவர்களில் இளையவளான தங்கப்பொண்ணு கையைக் கழுவிக்கொண்டு குண்டா முன்னால் உட்கார்ந்தாள். முதல் உருண்டையை ஜெயக்கொடியிடம் நீட்டினாள்.

"இந்தாங்கக்கா."

ஜெயக்கொடியின் கை முந்தானைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு இன்னைக்கு விரதம்த்தா. செவ்வாக்கெழமைல்ல."

அது தன்னோடு போய்விடும் என்று நினைத்தாள். பக்கத்தில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்த சோணையம்மாள், "எனக்குந்தான்" என்றாள்.

"நீங்க எப்ப மதினி விரதம் பிடிச்சீக?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"இப்பத்தான். பேசாம இருடி."

செல்லக்கிளி ஜெயக்கொடி முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் வேணாம்" என்றாள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகத் தெருவே விரதம் பிடித்தது.

தங்கப்பொண்ணு நீட்டிய கையை மடக்கி அந்த உருண்டையைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். கூட வந்தவர்களுக்கும் உருட்டிக் கொடுத்தாள்.

"கத்தரிக்கா உங்க வீட்டுதாக்கா? ருசியா இருக்கு."

ஜெயக்கொடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரி, பிசைஞ்சவதான பேசணும். பேசுறேன்" என்று தொடங்கினாள் தங்கப்பொண்ணு. "வார்டுக்கு ஜெயக்கொடி அக்காவயே நிப்பாட்டுவோம். அவுக ஒரு வார்த்த சொன்னாக, இம்புட்டுப் பேருக்கும் பசி அத்துப் போச்சு. அவுக பேச்சுக்கு அம்புட்டு மருவாதி இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் மறுக்கவுமில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஜெயக்கொடி முந்தானையிலிருந்து கையை எடுத்து நீட்டினாள்.

"தங்கம், எனக்கு ஒரு உருண்ட குடு ஆத்தா."

"வேணாங்கா, விரதத்த முறிக்கக் கூடாது." தங்கப்பொண்ணு குண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஓட்டுக் கேக்க எங்க தெருவுக்கு வருவீகள்ல, அன்னைக்குப் பசியோட வாங்க."

அடிபம்பில் அவள் குண்டாவைத் தேய்க்கும் சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்டது.

மறுநாள் திருநகரில் வடையைப் பிட்டுக் கையில் வைத்தபடியே நின்றாள் ஜெயக்கொடி.

"என்னக்கா, முடி கிடி கெடக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அதெல்லாம் இல்ல."

திரும்பும்போது பஸ் காலனி முக்கில் நின்றது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இறங்குவோம் என்று கூடையோடு எழுந்தாள். "எறங்கணுமாக்கா?" என்றார் கண்டக்டர். கம்பியைப் பிடித்தபடி நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. அவர் விசில் ஊதிவிட்டார்.